கேட்க முடியாததைக் கேட்க ஓர் எண்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்றொரு நகரம். 2009 பிப்ரவரியில் அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் முறை வைத்து ஒரு செல்போனைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த எண்ணில் யாரும் பேச முடியாது. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பலாம். அனுப்புகிறவர் பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம், எந்தப் பள்ளி என்றும் சொல்ல வேண்டாம். 14 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் உடலைப் பற்றி, காதலைப் பற்றி, கர்ப்பத்தைப் பற்றி மனத்தில் அரித்துக்கொண்டிருப்பதை எழுதி அனுப்பலாம். பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் அதைப் படித்து, தானே பதில் எழுதி 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவைப்பார்.

நடத்தியது வட கரோலினாவின் பதின்ம வயதுக் கர்ப்பத் தடுப்பு இயக்கம். சேவைக்கு வைத்த பெயர் ‘பேர்ட்ஸ் அண்ட் பீஸ் டெக்ஸ்ட் லைன்’. பிள்ளைகள் அப்போது குடியிருந்த மைஸ்பேஸ் போன்ற தளங்களில் அந்த எண்ணை விளம்பரம் செய்தார்கள்.

இப்படிப்பட்ட எண்களுக்கு வரும் கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் இருக்கின்றன. முதல் முறையிலேயே கரு தங்குமா? முடிந்ததும் குளித்துவிட்டால் போதுமா? தேதி ஐந்து நாள் தள்ளிப் போயிருக்கிறது, யாரைப் போய்ப் பார்ப்பது? வேண்டாம் என்று சொன்னால் அவன் என்னை விட்டுப் போய்விடுவானே, எப்படிச் சொல்வது?

இதில் ஒன்றைக்கூடப் பதினைந்து வயதுப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று கேட்காது. அம்மாவிடம் கேட்டால், பதிலுக்கு முன்னால் ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு?’ என்ற எதிர்க்கேள்வி வந்து நிற்கும். தோழியிடம் கேட்கலாம். அவளுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இணையத்தில் தேடினால் ஆபாசப் படமும் மூடநம்பிக்கையும் மருத்துவ உண்மையும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். அமெரிக்காவில் டாக்டரிடம் போனால் காப்பீட்டு நிறுவனத்தின் தபால் வீட்டு விலாசத்துக்கு வந்துசேரும். தெரிந்தே ஒருவர் தவறிப் போவது வேறு. கேட்க ஆளில்லாமல் ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குத் தாயாவது வேறு. இரண்டாவது நடப்பதைப் பெரியவர்கள் நினைத்தால் தடுத்திருக்க முடியும் என்பதால்தான் இந்த விஷயம் இத்தனை வலிக்கிறது.

வட கரோலினாவில் அந்த எண் பிறந்ததற்கு இன்னொரு காரணம், பள்ளிக்கூடம். 1990களின் நடுவில் வந்த மாநிலச் சட்டப்படி, திருமணம்வரை உறவைத் தவிர்ப்பதே பாலியல் பாடத்தின் மையமாக இருக்க வேண்டியிருந்தது. கருத்தடை பற்றி விரிவாகச் சொல்லித்தர விரும்பும் பள்ளி நிர்வாகம் ஏகப்பட்ட தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. வகுப்பறை வாயை மூடிக்கொண்டபோது, பிள்ளையின் சட்டைப்பையில் இருந்த கருவி ஒரு வழியைத் திறந்தது. அதே 2009ஆம் ஆண்டின் நடுவில் அந்த மாநிலம் ‘ஆரோக்கிய இளையோர் சட்டம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்பிறகு கருத்தடை முறைகளைப் பற்றியும் வகுப்பில் சொல்லித்தரும் நிலை வந்தது.

பதில் எழுதுகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. மருத்துவ ஆலோசனை தரக் கூடாது. கருக்கலைப்புக்குப் பரிந்து பேசக் கூடாது. தெரிந்த உண்மையைச் சுருக்கமாக, மிரட்டாமல், அறிவுரை மழை பொழியாமல் எழுத வேண்டும். டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயமென்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சில வரிக் குறுஞ்செய்திக்குள் இதையெல்லாம் செய்வது லேசான காரியமில்லை. எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் எழுதுவதைவிட நாலு வரி எழுதுவது கடினம்.

சான் பிரான்சிஸ்கோவின் அவசரம்

இதற்கு மூன்று வருடம் முன்பே, 2006இல், சான் பிரான்சிஸ்கோ நகரம் வேறு விதமாக முயன்று பார்த்தது. அங்கே கறுப்பின இளைஞர்களிடையே கொனோரியா என்ற பால்வினை நோய் மளமளவென்று ஏறியது. நகரின் பொது சுகாதாரத் துறையும் ஐஸிஸ் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து ‘செக்ஸ்இன்ஃபோ’ என்ற சேவையைத் தொடங்கின. இதில் பதில் எழுத மனிதர் கிடையாது. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து குறிப்பிட்ட எண்ணுக்கு அனுப்பினால் ஒரு பட்டியல் வரும். பட்டியலின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு. அதைத் திருப்பி அனுப்பினால், அந்த நொடியே சில வரித் தகவலும் பக்கத்துக் கிளினிக்கின் விவரமும் வந்துவிடும்.

முதல் 25 வாரங்களில் ஏறக்குறைய 4,500 விசாரிப்புகள் வந்தன. அவற்றில் 2,500 வரை, கூடுதல் தகவலையும் கிளினிக் விவரத்தையும் கேட்டுப் பெறும் அளவுக்குப் போயின. எதைப் பற்றி அதிகம் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆணுறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பது முதல் மூன்றில் ஒன்று. பால்வினை நோய் பற்றியது இன்னொன்று. கர்ப்பமாகிவிட்டதோ என்ற சந்தேகம் மற்றொன்று.

ஆணுறை கிழிந்த அன்று இரவு இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணுக்கு நேரம்தான் எல்லாம். பரவலாகக் கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறாளோ அவ்வளவுக்கு அது வேலை செய்யும். சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை பள்ளி நர்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், இருந்த அவகாசத்தில் பாதி போய்விடும். அன்றைக்கு அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியவில்லை. வயது வரம்பில்லாமல் கடையில் கிடைக்க 2013 ஆனது. கலிஃபோர்னியாவிலோ 2002 முதலே, பயிற்சி பெற்ற மருந்தாளுநர் நேரடியாகத் தரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு இருப்பதே தெரியாத ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு, ‘இன்றைக்கே போ, இங்கே போ’ என்று நள்ளிரவில் வந்து சேரும் இரண்டு வரியின் மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பார்வையில் இரண்டு ஊரின் முறையும் தேவை. கிழிந்த ஆணுறைக்கு இயந்திரத்தின் வேகம் வேண்டும். ‘அவன் விட்டுப் போய்விடுவானே’ என்ற பயத்துக்குக் குறியீட்டு எண் எதுவும் கிடையாது. அதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பெற்றோரின் கேள்வி

வட கரோலினாவில் பழமைவாதக் குடும்ப அமைப்புகள் இந்தச் சேவையை எதிர்த்தன. பெற்றோருக்குத் தெரியாமல், முகம் தெரியாத யாரோ ஒருவர் பிள்ளையிடம் இதைப் பேசலாமா என்பது அவர்கள் வாதம். இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் பெண்ணின் செல்போனில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அந்தரங்கம் பேசுகிறார் என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் வயிற்றைப் பிசையும். பிசையத்தான் வேண்டும்.

அதனால்தான் பதில் எழுதுகிறவர் யார், அவரை மேற்பார்ப்பது யார், எழுதியதெல்லாம் பதிவாகிறதா என்ற கேள்விகளை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பிறந்து மற்ற இடங்களுக்கும் பரவிய ‘சாட்ஹெல்த்’ இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கே மாணவர்களின் குறுஞ்செய்திக்குப் பதில் எழுதுவது அந்த நாட்டின் அரசு மருத்துவச் சேவையைச் சேர்ந்த பள்ளி நர்ஸ். நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு, நர்ஸுக்கும் தொழில்முறைப் பொறுப்பு உண்டு. பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் உரியவர்களுக்குத் தெரிவிக்கும் நடைமுறையும் உண்டு.

பெற்றோருக்கு மரியாதையோடு ஒன்று சொல்வேன். அந்தச் செல்போன் ஏற்கெனவே உங்கள் பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. யாருடைய அனுமதியும் கேட்காமல், காசு பார்க்கிறவர்களின் குரலில் பேசிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கேட்க முடிகிற பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரியாத ஓர் எண்ணைத் தேடிப் போகாது.

அக்ராவின் 38 பள்ளிகள்

நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் கர்ப்பம் தடைபட்டுவிடுமா? இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது ஆப்பிரிக்காவின் கானாவில் நடந்த ஆய்வு. 2014இல் அந்த நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் இருந்த பெண்களில் 14 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். ஸ்லாவா ரோகிட்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் தலைநகர் அக்ராவில் 38 மேல்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, 14 முதல் 24 வயது வரையிலான 756 மாணவிகளைச் சேர்த்தார்கள். பள்ளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு 12 வாரங்கள் இனப்பெருக்க ஆரோக்கியம் பற்றிய குறுஞ்செய்தி போகும். படித்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாம் பிரிவுக்குச் செய்தி கேள்வி வடிவத்தில் போகும். மாணவி பதில் அனுப்பலாம், செலவில்லை. சரியோ தவறோ, விளக்கம் திரும்பி வரும். சரியாகச் சொன்னவர்களுக்குச் சிறு தொகை டாக்டைம். மூன்றாம் பிரிவுக்கு மலேரியா பற்றிய செய்திகள் மட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மலேரியா பிரிவை ஒப்பிட முதல் பிரிவின் அறிவு மதிப்பெண் 11 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. கேள்வி பதில் பிரிவில் 24 புள்ளிகள். பதினைந்து மாதம் கழித்தும் இரு பிரிவுகளும் முன்னால் இருந்தன. ஆறேழு வாரத்தில் மறந்துபோகும் பரீட்சைப் படிப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமான சேதி. அதைவிடப் பெரிய சேதி, பாலுறவு அனுபவம் இருந்த மாணவிகளில் தாங்கள் கர்ப்பமானதாகச் சொன்னவர்கள் இரு பிரிவுகளிலும் வெகுவாகக் குறைந்திருந்தார்கள்.

கேள்வி பதில் முறைதான் அறிவில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. ஆனால் கர்ப்பம் குறைந்ததில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெறுமனே படித்துக்கொண்ட பெண்களுக்கும் அது உதவியிருக்கிறது. பாலுறவு அனுபவம் உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும், கர்ப்பமா இல்லையா என்பது அவர்களே சொன்னது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கானாவைப் பார்த்து உற்சாகப்படுகிறவர்கள் கென்யாவையும் பார்க்க வேண்டும். அங்கேயும் தான்சானியாவிலும் எஃப்.எச்.ஐ. 360 என்ற நிறுவனம் ‘எம்4ஆர்ஹெச்’ என்ற தானியங்கிக் குறுஞ்செய்திச் சேவையை நடத்தியது. மாத்திரை, ஊசி, காப்பர் டி என்று ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் ஒரு குறியீடு. அனுப்பினால் தகவல் வரும். கென்யாவில் முறையான சோதனை வைத்துப் பார்த்தபோது, முழுத் தகவலும் கிடைத்தவர்களின் அறிவு சுமார் 13 சதவீதம் கூடியிருந்தது. கருத்தடை பயன்பாட்டில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தகவல் செல்போனில் வந்துவிடும். மாத்திரையை வாங்க ஓர் ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ நடந்துதானே போக வேண்டும்? ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்ற கேள்வியும் பார்வையும் அங்கே காத்திருக்கின்றன. பஸ் காசு வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் காதலனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்த வாசல் மூடியிருக்கும்போது, எண்ணை மட்டும் அறிவித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது அந்தப் பெண்ணை ஏமாற்றுவதாகும்.

வாசல் திறந்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நியூயார்க்கின் புரூக்ளின் உதாரணம். கிளினிக்குக்கு வந்து கருத்தடை மாத்திரை வாங்கிய, 25 வயதுக்கு உட்பட்ட 962 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. 2012இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் தினமும் ஒரு குறுஞ்செய்தி போனது. ஆறாம் மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். செய்தி போகாத பாதியில் 54 சதவீதம். மாத்திரை ஏற்கெனவே கைப்பையில் இருந்தது, மறக்காமலிருக்க ஒரு தூண்டுதல்தான் தேவைப்பட்டது. அமெரிக்காவின் டென்வர் நகரில் சிறுவர் சிறுமியர் மன்றங்களில் நடத்திய வகுப்புகளோடு குறுஞ்செய்தியையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஹிஸ்பானிக் இனத்துப் பிள்ளைகளிடம் கர்ப்பம் குறைந்தது.

அவமானப்படுத்தினால் நடக்குமா?

2013இல் நியூயார்க் மாநகர நிர்வாகம் பஸ் நிறுத்தங்களிலும் சுரங்க ரயில்களிலும் சுவரொட்டிகள் ஒட்டியது. அழுத முகத்தோடு குழந்தைகள். சின்ன வயதில் என்னைப் பெற்றதால் என் வாழ்க்கை பாழாகிறது என்று தாயைப் பார்த்துச் சொல்வது போன்ற வாசகங்கள். கீழே ஓர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினால் புள்ளிவிவரமும், கர்ப்பமான ஒரு பெண்ணையும் அவள் காதலனையும் வைத்து ஒரு விளையாட்டும் வரும். அந்த விளையாட்டில் அந்தப் பெண் படும் அவமானங்களும் உண்டு.

கருத்தடைச் சேவை நடத்தும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் நியூயார்க் கிளையே இதைக் கண்டித்தது. பதின்ம வயதில் பெற்றெடுத்து, படித்து, பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்த இளம் தாய்மார்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. செல்போனும் குறுஞ்செய்தியும் டர்ஹமில் இருந்தவைதான். ஆனால் டர்ஹமில் பிள்ளை கேட்டது, பெரியவர் பதில் சொன்னார். இங்கே பெரியவர் குற்றம் சாட்டினார், பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பயந்துபோய் ஒரு பெண் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பியிருந்தால், அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்த கிளினிக்கின் முகவரிக்கு முன்னால் பரிகாசம் வந்து நின்றிருக்கும்.

அமெரிக்காவில் 1991இல் 15 முதல் 19 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு 61.8 பிரசவங்கள் நடந்தன. 2023இல் அது 13 அளவுக்கு இறங்கிவிட்டது. இதற்கான பெருமையைக் குறுஞ்செய்திக்குக் கொடுத்தால் பொய்யாகிவிடும். 2007 முதல் 2012 வரையிலான சரிவை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் முன்னைவிட நல்ல கருத்தடை முறைகளை, முன்னைவிட ஒழுங்காகப் பயன்படுத்தியதே காரணம் என்று கண்டார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பள்ளிப் பாடம், கிளினிக், மருந்தின் விலை, டாக்டரின் முகபாவம் எல்லாம் சேர்ந்துதான் வழி செய்திருக்கும். குறுஞ்செய்தி அதில் ஒரு பங்கு.

ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை போனால் அந்தப் பங்கும் போய்விடும். 2022இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில், ஒரு தாய்க்கும் அவருடைய 17 வயது மகளுக்கும் இடையே ஃபேஸ்புக்கில் நடந்த உரையாடலை நீதிமன்ற ஆணை மூலம் போலீஸ் பெற்றது. தாயும் மகளும் பேசிக்கொண்டதற்கே அந்தக் கதி. அந்தச் செய்தியைப் படித்த ஒரு பெண் முகம் தெரியாத எண்ணுக்கு மனம் திறந்து எழுதுவாளா? சாதாரணக் குறுஞ்செய்தியில் முனைக்கு முனை மறைகுறியாக்கம் கிடையாது. வீட்டில் ஒரே செல்போனை அண்ணனும் தங்கையும் வைத்திருக்கும் நாடுகளில் ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பூட்டிய திரையில் முதல் வரி தெரிந்தாலே போதும், வீட்டில் பூகம்பம். அதனால், இப்படிப்பட்ட சேவை தானாகச் செய்தி அனுப்பக் கூடாது, பிள்ளை கேட்டால் மட்டும் பதில் போக வேண்டும், முதல் வரியில் விஷயம் தெரியக் கூடாது என்பதெல்லாம் உயிர்நாடியான விதிகள்.

தமிழ்நாட்டில்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 வயதுக்கு முன் திருமணமான இளம் பெண்களின் விகிதம் 2015-16இல் 16.3 சதவீதமாக இருந்து, 2019-21இல் 12.8 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கர்ப்பமானவர்கள் 5 சதவீதத்திலிருந்து 6.3 ஆகக் கூடியிருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கான உரையாடல் செயலி இல்லாமலில்லை. பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா நடத்தும் ‘ஸ்னேஹாய்’ இளையோரின் கேள்விகளுக்கு ஃபேஸ்புக் மெசஞ்சரில் பதில் சொல்கிறது. ஆனால் அது உருவானது இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சில். தருமபுரியிலோ தேனியிலோ பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு அது எட்டாது.

நம் ஊரில் பதில் எழுதத் தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதில்லை, ஆரம்ப சுகாதார நிலையங்களும் நடந்து போகும் தூரத்தில் பல ஊர்களில் உண்டு. ஆனால் சட்டத்தில் ஒரு முடிச்சு இங்கே இருக்கிறது. போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள். அவர்களுடன் பாலுறவு நடந்தது தெரிந்தால், விருப்பத்தோடு நடந்திருந்தாலும், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்குத் தண்டனை உண்டு. வன்கொடுமைக்கு ஆளான குழந்தையைக் காப்பாற்ற எழுதிய சட்டம் அது, அதைத் தளர்த்தச் சொல்ல எளிதில் மனம் வராது. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ‘தேதி தள்ளிப் போயிருக்கிறது’ என்று எழுதினால், பதில் எழுதும் செவிலியர் முதலில் யாரை அழைக்க வேண்டும்? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த விலக்கு மருத்துவருக்கானது. செல்போனில் பதில் எழுதப்போகும் செவிலியர் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசு எழுத்தில் தெளிவாக்கிய பிறகுதான், தமிழ்நாட்டில் யாராலும் அப்படியோர் எண்ணை மனசாட்சியோடு அறிவிக்க முடியும்.